இடிச்ச வீட்டு மரம் வாங்கிட்டீங்களா? இழைக்கிறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

பழைய வீட்டு மரம் வாங்கி ஒரு டேபிளோ பெஞ்சோ ஷெல்ஃபோ பண்ணலாம்னு இறங்குறவங்க நிறைய பேரு, மரம் வண்டியில இருந்து இறங்குன உடனே ப்ளேனர்ல விட்டு உள்ள என்ன கலர்னு பாத்துடணும்னு துடிப்பாங்க. கொஞ்சம் பொறுங்க. அந்த அழுக்கு, பெயிண்ட், ஓட்டை, கறை, கோணல் எல்லாமே தகவல்தான். இது என்ன மரம், வீட்டுல எங்க இருந்துச்சு, உள்ள இரும்பு இருக்கா, எந்த முனைய நம்பலாம் எந்த முனைய வெட்டித் தள்ளணும்னு அதுலயே இருக்கு, ஒரு தடவ இழைச்சு தள்ளிட்டா அப்புறம் அத தெரிஞ்சுக்க வழியே இல்ல. அதனால இதுல பாதி வேலை பாக்குற வேலை, மீதிதான் அறுக்குற வேலை.

முதல்ல கடையிலயே கேக்க வேண்டிய கேள்வி, இது வீட்டுல எந்த எடத்து மரம்? உத்தரமா, கைமரமா (ஓட்டத் தாங்குற சாய்வு சட்டம்), நிலையா, கதவுப் பலகையா, ஜன்னல் சட்டமா? எடத்தப் பொறுத்து மரத்தோட நோய் மாறும். நிலைக்கால்னா அடி ஒரு அடி, ஒன்றரை அடி தரையில இருந்து ஈரம் குடிச்சு பஞ்சாகி இருக்கும், மேல பாத்தா கல்லு மாதிரி இருக்கும், அடியில ஸ்க்ரூ டிரைவர வச்சு குத்துனா உள்ள போயிடும். உத்தரம்னா சுவத்துக்குள்ள இருந்த ரெண்டு முனைதான் சந்தேகம், நடுவுல பெரும்பாலும் தங்கம். கைமரம்னா ஓடு ஒழுகுன எடத்துல மட்டும் கருப்பா ஒரு கறை ஓடியிருக்கும், அந்த எடத்த தட்டிப் பாத்தா சத்தம் மாறும். கடைக்காரரு முழு நீளத்துக்கும் கன அடி கணக்கு போடுவாரு, நீங்க கெட்ட முனைய கழிச்சுட்டுதான் பேசணும். கணக்கு சிம்பிள், அகலம் இன்ச்ல, கனம் இன்ச்ல, நீளம் அடியில, மூணையும் பெருக்கி 144ஆல வகுங்க. 6 இன்ச்சுக்கு 4 இன்ச், 10 அடின்னா 1.67 கன அடி.

இந்த கணக்கு இன்னொன்னுக்கும் உதவும். பெயிண்ட் மூடுன கட்டையில என்ன மரம்னு கண்ணால தெரியாது, ஆனா எடை கொஞ்சம் காட்டிக் கொடுக்கும். நல்லா காஞ்ச தேக்கு ஒரு கன அடிக்கு சுமாரா 18 கிலோ வரும், வேங்கை அதவிட கனம், 22 கிட்ட போகும், ஈட்டி இன்னும் கூட. மேல சொன்ன கட்டை தேக்குன்னா 30 கிலோ சுத்தி இருக்கணும், தூக்கவே முடியலன்னா அது வேற ஏதோ. இது மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, ஒரு மூலையில பிளேடால வெட்டுமுகத்த சுத்தமா ஒரு சீவு சீவி எச்சி தொட்டு பாருங்க. தேக்குன்னா பெரிய பெரிய துளை வரிசையா வளையம் வளையமா நிக்கும், பழைய தோல் பை மாதிரி ஒரு எண்ணெய் வாசம் வரும். வேங்கைன்னா ஈரத்துணி வச்சு தேச்சா துணியில மஞ்சளும் பழுப்புமா கறை ஏறும், சுகருக்குன்னு கடையில விக்கிற வேங்கை டம்ளர்ல தண்ணி ஊத்தி வச்சா பழுப்பாகுதே அதே சாயம்தான். பலான்னா சீவுன எடம் பளிச்னு மஞ்சளா இருக்கும், வெயில் பட பட பழுப்பாகிடும். வேம்புன்னா தூள் மூக்குல ஏறுன உடனே கசப்பு தொண்டையில தெரியும், வேற டெஸ்ட்டே வேணாம்.

தேக்குன்னு வாங்கி வேற மரமா போறது சகஜம், அதுல ஆச்சரியம் இல்ல. ஆனா தலைகீழாவும் நடக்கும், அதுதான் இந்த வேலையில இருக்குற குஷி. பச்சை எனாமல் நாலு கோட் அடிச்ச ஒரு ஜன்னல் சட்டம், நாட்டு மரம்னு மூலையில கெடக்கும், சுரண்டிப் பாத்தா ஊதா ஓடுன ஈட்டியா இருக்கும். அப்படி கெடைச்சா பில் வாங்கி பத்திரமா வைங்க. தமிழ்நாட்டுல ஈட்டி மரத்துக்குன்னு 1994ல தனிச் சட்டமே போட்டாங்க, நாளைக்கு யாராச்சும் கேட்டா இது இடிச்ச வீட்டு சாமான்னு காட்ட ஒரு பேப்பர் இருக்கணும்.

சரி, இப்போ உத்தரத்தோட முனைக்கு வருவோம். செட்டிநாட்டுப் பக்கத்து வீட்டு மரம்னா இந்த எடத்துல அவசரப்படவே கூடாது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைக்கு போனவங்களுக்கு தெரியும், தூணும் நிலையும் கதவும் அடுக்கி வச்சிருப்பாங்க, அதுல நெறைய பர்மா தேக்கு. அந்த மரம் வந்த வழிய கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா மரத்துல இருக்குற அடையாளம் புரியும். தேக்கு பச்சையா இருக்கும்போது தண்ணியில மெதக்காது, அதனால பர்மா காட்டுல மரத்தோட அடியில சுத்தி ஒரு வளையம் வெட்டி, நின்னபடியே சாக விட்டு, ரெண்டு மூணு வருஷம் காய வச்சு, அப்புறம்தான் வெட்டுவாங்க. யானை இழுத்து ஓடையில போடும், மழை வெள்ளத்துல ஆத்துல மெதந்து ரங்கூன் வரைக்கும் வரும். ஆத்துல எல்லார் கட்டையும் கலந்து வர்றதால யாரோடதுன்னு தெரிய சுத்தியல்ல எழுத்து வச்சு முனையில அடிச்சு முத்திரை குத்துவாங்க. இந்த தேக்குக்கு எவ்வளவு பெரிய சண்டைன்னா, பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் கணக்கு காட்டாம கூடுதல் மரம் எடுத்துச்சுன்னு மன்னர் தீபா அரசாங்கம் பெரிய அபராதம் போட, அத சாக்கா வச்சுதான் 1885ல பிரிட்டிஷ்காரன் மூணாவது பர்மா போரே தொடங்கினான், 1886 ஜனவரி 1ல நாட்டையே சேத்துக்கிட்டான்.

அதனால சுவத்துக்குள்ள இருந்த முனைய சுண்ணாம்போட அப்படியே அறுத்து வீசாதீங்க. பித்தளை பிரஷ்ஷும் தண்ணியும் போட்டு மெதுவா சுண்ணாம்ப எடுங்க, அப்புறம் டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சு பாருங்க, நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது. ஒரு ரூபாய் காசு அளவு வட்டம், உள்ள ரெண்டு மூணு எழுத்தோ நம்பரோ அமுங்கி இருந்தா அது முத்திரையா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அந்த முனையில ரெண்டு இன்ச் கனத்துக்கு வில்லையா அறுத்து வச்சுக்குங்க, டேபிள் கால்ல வெளிய தெரியுற மாதிரி பதிக்கலாம்.

கைமரத்துலயும் கழுந்துலயும் (துளைக்குள்ள சொருகுறதுக்கு சீவுன முனை) வேற ஒரு அடையாளம் இருக்கும். உளியால குறுக்க வெட்டுன ஒரு கோடு, ரெண்டு கோடு, மூணு கோடு, சில சமயம் க, உ மாதிரி தமிழ் எண்ணும் இருக்கும். கீறல்னு நெனச்சு உப்புத்தாள் போட்டு தேச்சுடுவாங்க. கூரைய கீழ வச்சு ஒரு தடவ பூட்டிப் பாத்துட்டு, கழட்டி, மேல கொண்டு போய் அதே வரிசையில மாட்டுறதுக்கு ஆசாரி போட்ட குறி அது. ஒரே எண் இருக்குற கழுந்தும் துளையும் ஜோடி. உங்களுக்கு ரெண்டுமே கெடைச்சிருந்தா யோகம்தான், மூட்ட நீங்க புதுசா வெட்டவே வேணாம், பழைய மர ஆணிய மட்டும் தட்டி எடுத்துட்டு புதுசு போட்டா இன்னைக்கும் டைட்டா உக்காரும்.

நிலைன்னா கேக்கவே வேணாம். நிலை வைக்கிறப்போ பூஜை போட்டு, காசோ நவதானியமோ மஞ்சத்துணியில முடிஞ்சு வைக்கிற வழக்கம் நமக்கு தெரிஞ்சதுதான. மேல் சட்டமும் காலும் சேருற மூட்ட கழட்டும்போது அந்த துளைக்குள்ள ஒரு குச்சி விட்டு துழாவிப் பாருங்க, மக்குன துணியோட காசு ஒட்டிக்கிட்டு இருக்கலாம். நடுவுல ஓட்டை போட்ட காலணான்னா அது 1943ல இருந்து 1947க்குள்ள அடிச்சது, அப்போ அந்த நிலை அதுக்கு முன்னாடி நட்டது இல்லன்னு தெரிஞ்சிடும், கடைக்காரரு 150 வருஷத்து நிலைன்னு சொல்லி வித்திருந்தா சிரிச்சுக்குங்க. காசு தேய்ஞ்சு போகாம புத்தம் புதுசா இருந்தா வீட்டு வயசு அந்த வருஷத்த ஒட்டியேதான் இருக்கும். காச பாலீஷ் போட்டு தேய்க்காதீங்க, பச்சைக் களிம்போட இருந்தாதான் மதிப்பு. தங்கம் கிங்கம் வந்துச்சுன்னா கதை வேற, 1878ம் வருஷத்து புதையல் சட்டம் இன்னும் இருக்கு, மண்ணுக்குள்ளயோ மண்ணோட பதிச்ச கட்டடத்துலயோ மறைஞ்சிருந்து பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ளது கெடைச்சா கலெக்டருக்கு தெரியப்படுத்தணும்னு அதுல இருக்கு. அந்த பத்து ரூபாய இன்னும் யாரும் மாத்தல. நூறு வருஷம் தாண்டுன செதுக்கு வேலை நிலை, கதவு எல்லாம் தொல்பொருள் கணக்குல வரும், 1972 சட்டப்படி தனியாளு யாரும் அத வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது, அதனால மச்சானுக்கு சிங்கப்பூர் அனுப்பலாம்னு நெனச்சு செதுக்கு வேலைய வாங்காதீங்க.

இப்போ ஆபத்தான கண்டுபிடிப்பு, இரும்பு. ஆணித்தலை தெரிஞ்சா பிரச்சனை இல்ல, தலை ஒடைஞ்சு உள்ளயே நிக்கிறதுதான் பிளேட காலி பண்ணும், வட்ட ரம்பத்துல அது பட்டா பல்லு தெறிச்சு கண்ணுக்கு வரும். கையில பிடிக்கிற சின்ன மெட்டல் டிடெக்டர் ஆன்லைன்ல கெடைக்குது, அது இல்லன்னா பழைய ஸ்பீக்கர் காந்தத்த நூல்ல கட்டி மரத்து மேல ஒரு விரல் உயரத்துல நகத்துங்க, இரும்பு இருக்குற எடத்துல இழுக்கும். காந்தம் பித்தளையையும் செம்பையும் பிடிக்காது, கதவுல குமிழ் இருந்த எடம்லாம் பித்தளைதான், அதுக்கு டிடெக்டர் வேணும். எந்த கருவியும் இல்லாமலும் ஒரு துப்பு இருக்கு: மரத்துல ரேகை ஓடுற தெசையில நீலக் கருப்பா ஒரு தீக்கொழுந்து வடிவ கறை இருந்தா அதோட நடுவுல இரும்பு இருக்கு அல்லது இருந்துச்சு. மரத்துல இருக்குற துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்துல சேந்து போட்ட மை அது.

துருப்பிடிச்ச ஆணிய நேரா பிடுங்குனா ஒடையும். முதல்ல அத உள்பக்கமா ஒரு தட்டு தட்டுங்க, துரு விட்டுக் கொடுக்கும், அப்புறம் குறடால பிடிச்சு திருப்பிக்கிட்டே இழுங்க. அதுக்கும் வரலன்னா சால்டரிங் அயர்ன ஆணித்தலையில வச்சு ஒரு நிமிஷம் சூடு பண்ணுங்க, ஆற விட்டு இழுங்க. தலையே இல்லன்னா ஆணிய விட கொஞ்சம் பெருசா ஒரு இரும்புக் குழாய் எடுத்து முனையில அரம் போட்டு பல்லு வச்சு ட்ரில்ல மாட்டி ஆணிய சுத்தி தோண்டி எடுங்க, அந்த ஓட்டைக்கு அதே மரத்துல முளை சீவி ரேகை தெசை பாத்து அடிச்சா கண்ணுக்கே தெரியாது. கொல்லன் பட்டறையில அடிச்ச சதுர ஆணி வந்துச்சுன்னா தூக்கிப் போடாதீங்க, எண்ணெய் தடவி வச்சா கோட் மாட்டுற கொக்கிக்கு ஆகும்.

ரோட்டோர மரம் அறுத்த பலகைன்னா இன்னும் உஷார். ரோடு அகலப்படுத்தும்போது வெட்டுன புளி, வேம்புல போர்டு அடிச்ச ஆணி, கொடிக்கம்பி, ஏன், பேய் ஓட்டி உச்சி முடியோட சேத்து அடிச்ச ஆணி வரைக்கும் இருக்கும், மரம் வளந்து அத முழுங்கி மேல தோல் மூடியிருக்கும், வெளிய ஒரு தடயமும் இருக்காது. அறுவை மில்லுல இந்த மரத்துக்கு மூஞ்சி சுளிக்கிறது சும்மா இல்ல.

பெயிண்ட். இதுல விளையாடாதீங்க. இந்தியாவுல வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல (பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல) இருக்கக் கூடாதுன்னு விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். அதனால பழைய கதவுல இருக்குற மஞ்சளும் பச்சையும் சிவப்பும் ஈயம்னே வச்சுக்குங்க. காஞ்ச நெலையில சாண்டர் போடாதீங்க, ஸ்டவ் மாதிரி நெருப்பு வச்சு எரிக்கவே எரிக்காதீங்க, புகையா போய் நெஞ்சுல உக்காரும். பெயிண்ட் ரிமூவர் தடவி ஊற விட்டு, தண்ணி தெளிச்சுக்கிட்டே ஸ்க்ரேப்பரால சுரண்டுங்க, கீழ பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு செதில எல்லாம் கட்டி எடுங்க, சின்னப் பிள்ளைங்க, கர்ப்பமா இருக்குறவங்க அந்தப் பக்கமே வரக் கூடாது. என்95 மாஸ்க் பெயிண்ட் போன பிறகும் கழட்டாதீங்க, தேக்குத் தூளே சில பேருக்கு தோல் அரிப்பு, மூச்சிரைப்பு கொண்டு வரும்.

பூச்சி விஷயத்துல ஒரே கேள்விதான், பழைய ஓட்டையா, உயிரோட இருக்குற ஓட்டையா? பலகைய கருப்புத் துணி மேலயோ கருப்பு சார்ட் மேலயோ ஒரு வாரம் படுக்க வைங்க. மாவு மாதிரி மெல்லிசு தூள் கொட்டியிருந்தா உளு (மரம் தின்னுற சின்ன வண்டு) உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்கு, அத வீட்டுக்குள்ள கொண்டு போகாதீங்க. தேக்கோட வைரத்துல, அதாவது நடுவுல முத்துன பகுதியில, இது ரொம்ப அபூர்வம், வெளி ஓரத்து வெள்ளைப் பகுதியிலதான் வரும், அந்த வெள்ளைய அறுத்துத் தள்ளுனாலே பாதி பிரச்சனை தீந்துடும். மீதிக்கு போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த கரைசல ரெண்டு மூணு தடவ தடவி காய விடுங்க. கரையான் அரிச்ச எடத்துக்கு மருந்து பிரயோஜனம் இல்ல, வெட்டிடுங்க.

பேலட் (சரக்கு அடுக்கி அனுப்புற மரத்தட்டு) கட்டைக்கு ஒரே வரி: முத்திரையில எச்.டி இருந்தா சூட்டுல பதப்படுத்துனது, எடுக்கலாம், எம்.பி இருந்தா மெத்தில் புரோமைடு வாயு அடிச்சது, விட்டுடுங்க. தார் வாசம் வர்ற ரயில்வே ஸ்லீப்பரும் வீட்டுக்குள்ள வேணாம், அது கிரியோசோட் எண்ணெய், தோட்டத்துல கூட உக்காருற பெஞ்சுக்கு நான் போட மாட்டேன்.

இவ்வளவும் ஆச்சுன்னா இப்போ அறுக்கலாம். நூறு வருஷம் காஞ்ச மரம், இனிமே என்ன வளையப் போகுதுன்னு எல்லாரும் நெனப்பாங்க. வளையும். பெரிய உத்தரத்த நெட்டுக்கு ரெண்டா அறுத்தா உள்ள இறுகிக் கெடந்த இழுவை விட்டுப் போய் ரெண்டு பாதியும் வில்லு மாதிரி வெளிப்பக்கம் திரும்பும், சில சமயம் உள்பக்கம் திரும்பி ரம்பத்தயே கவ்விப் பிடிக்கும், அதனால அறுக்க அறுக்க பின்னாடி ஒரு ஆப்பு சொருகிக்கிட்டே போங்க. 1 இன்ச் பலகை வேணும்னா ஒன்னேகால் இன்ச்சா அறுத்து, நடுவுல ரீப்பர் (மெல்லிசு மரச்சட்டம்) துண்டு வச்சு அடுக்கி, வேலை செய்யப் போற வீட்டுலயே ரெண்டு மூணு வாரம் போட்டு வச்சு, அப்புறமா கடைசி அளவுக்கு இழைங்க. ஏசி ரூமுக்கு போற சாமான்னா இது கட்டாயம்.

மொத இழைப்புல வர்ற கலர்தான் எல்லாரும் வீடியோ எடுக்குற எடம். சாம்பல் பூத்த மேல்தோல் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, இழைப்புளி ஒரு தள்ளு தள்ளுனா தேன் கலர்ல சுருள் சுருளா வரும், எண்ணெய் பசை கையில ஒட்டும். அந்த மில்லிமீட்டர தாண்டி இழைக்கணும்னு அவசியம் இல்ல. ஒரு பக்கத்த மட்டும் சுத்தம் பண்ணி, ஓரத்துல வாச்சியால (மரம் செதுக்குற கைக்கருவி) செதுக்குன பழைய தழும்ப அப்படியே விட்டா பிரெஞ்சு பாலீஷ் கடை ஃபர்னிச்சர் மாதிரி இல்லாம ஒரு குணம் இருக்கும், இது என் ருசி, உங்களுக்கு வழவழன்னு வேணும்னா இழைச்சுக்குங்க. தேக்குல மணல் சத்து இருக்கு, அதனால பிளேடு சீக்கிரம் மழுங்கும், கார்பைடு பல்லு வச்ச பிளேடே போடுங்க, கை இழைப்புளின்னா சாணைக்கல்ல பக்கத்துலயே வைங்க.

ஆணிக் கறை பிடிக்கலன்னா ஆக்ஸாலிக் ஆசிட் கெமிக்கல் கடையில கெடைக்கும், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு 100 கிராம், கிளவுஸ் போட்டு பிளாஸ்டிக் பாத்திரத்துல கலக்குங்க, கறை மேல மட்டும் இல்லாம பலகை முழுக்க தடவுங்க, இல்லன்னா திட்டுத் திட்டா வெளுத்துடும். கறை போன உடனே நல்ல தண்ணியில ரெண்டு தடவ கழுவி, சமையல் சோடா தண்ணியில ஒரு தடவ துடைச்சு காய விடுங்க. அந்த ஆசிட் விஷம், கழுவாம உப்புத்தாள் போட்டா தூள் மூக்குல ஏறி எரியும். உள்ள ஆணித்துண்டு மிச்சம் இருந்தா கறை திரும்ப வரும்ங்கறதையும் மனசுல வைங்க.

ஒட்டும்போது தேக்கு ஒரு தகராறு பண்ணும், அதோட எண்ணெய் பசை ஃபெவிகால பிடிக்க விடாது. ஒட்டுற முகத்த புதுசா ஒரு இழைப்பு இழைச்சு, அசிட்டோன் தொட்ட துணியில துடைச்சு, அது காஞ்ச சூட்டோட பசை போட்டு கிளாம்ப் மாட்டுங்க. காலையில துடைச்சு வச்சுட்டு சாயங்காலம் ஒட்டுனா எண்ணெய் திரும்ப மேல வந்திருக்கும்.

கடைசியா ஃபினிஷ். பழைய ஓட்டைக்கு கடையில விக்கிற பட்டி போட்டா ரெண்டு வருஷத்துல மரம் கலர் மாறும், பட்டி மாறாது, திட்டு தெரியும். அதே மரத்தோட தூள எபாக்ஸியில குழைச்சு அடைங்க, இல்லன்னா ஓட்டைய ஓட்டையாவே விட்டுடுங்க. மேல ஆளிவிதை எண்ணெய் மெல்லிசா மூணு கோட் போதும், ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல நல்லா காய விட்டு மிச்சத்த துடைச்சிடணும். அந்த எண்ணெய்த் துணிய மட்டும் சுருட்டி மூலையில போடாதீங்க, தானா சூடேறி தீப்பிடிக்கும், தனித்தனியா விரிச்சு கொடியில காயப் போட்டுட்டு அப்புறமா குப்பையில போடுங்க.